சித்தியின் பயறுப் பை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அம்மாவின் தங்கை, என் சித்தி, கொழும்பு ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்' என்பார்கள்.

வெறுமையான பக்கம் வெளியே தெரியக் கூடாதென்று அம்மா ஒரு சின்னத் துணிப்பை தைத்தார். பஞ்சு வைத்தால் பாரமில்லாமல் மேலே ஏறிவிடுகிறது என்பதால் உள்ளே பயறு நிரப்பினார். எத்தனை பிடி சரிவரும் என்று கண்ணாடி முன்னால் நடந்த ஆராய்ச்சியில் என் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சித்தி ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தார். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவார். சண்டைக் காலம்; வழியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடி. சாக்கு மறைப்புக்குள் ஒரு பெண் சிப்பாய் பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்புவாள். ஒருநாள் அங்கே நின்றவள் புதியவள். சித்தியின் நெஞ்சில் அவளுடைய கை நின்றுவிட்டது. குண்டு என்று நினைத்தாளோ, சட்டென்று பின்வாங்கி, வெளியே நின்ற ஆண் சிப்பாயைக் கூப்பிட வாயெடுத்தாள். நான் அழத் தொடங்கினேன்.

சித்தி தன் அரைகுறைச் சிங்களத்தில் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, பையை மெல்ல எடுத்து மேசையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அழாத பிள்ளை. பயறுதானே."

சிப்பாய் தையலைப் பிரித்தாள். பயறு கொட்டி நிலமெல்லாம் உருண்டது. அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சித்தி சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினார்.

 அதைப் பார்த்ததும் அவள் முழங்காலிட்டுப் பயறு பொறுக்கத் தொடங்கினாள். நானும் அழுகையை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டேன். பொறுக்கியதையெல்லாம் என் கைலேஞ்சித் துணியில் முடிந்து தந்தாள். நோகுதா என்று அவள் சிங்களத்தில் கேட்டதாகவும், இப்போது இல்லை என்று தான் சொன்னதாகவும் சித்தி பிறகு சொன்னார்.

அன்று பின்னேரம் அம்மா புதுப் பை தைக்கத் துணி எடுத்தார். சித்தி வேண்டாம் என்றுவிட்டார்.

"ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்றார் அம்மா.

"ஆமிக்காரியே பாத்திட்டாள் அக்கா. இனி ஆருக்கு ஒளிக்கிறது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பயறைக் கழுவி அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுத் தந்தார். இடைக்கிடை மண் கடிபட்டது. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சித்தி தோளைக் குறுக்கி, சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு மெதுவாகத்தான் நடப்பார். மறுநாள் காலை தலைப்பைக் காற்றுக்கு விட்டுவிட்டு, நிமிர்ந்து, துறைமுகத் தெருவில் எட்டி எட்டி நடந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நான் ஓட வேண்டியிருந்தது. வேலைக்கு நேரம் பிந்திவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன்.