சத்தம் வராத சொடக்கு

முடிவெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்துவிடுவது எங்கள் தொழிலில் ஒரு கொசுறு. சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருபத்து மூன்று வருடம் நான் அதைக் கொடுத்து வந்தேன். தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் கழுத்தைத் தளரவிடும் நொடியில் வெடுக்கென்று ஒரு திருப்பு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. 'டொக்' என்று கேட்டதும் நாற்காலியில் இருப்பவர் கண்ணை மூடி "ஆஹ்" என்பார். பக்கத்து விடுதிகளில் தங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாசலில் நின்று படம் பிடிப்பார்கள். எனக்குத் தலைக்கனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. என் கைக்குச் சத்தம் போடாத கழுத்தே பினாங்கில் கிடையாது என்று சொல்லித் திரிந்தவன் நான்.

என் வாடிக்கையாளர் தம்பி ஒருவருக்கு, அக்கரையில் உள்ள ஜுருவில் பழைய கார் விற்கும் இடத்தில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மாதம் ஒரு சனிக்கிழமை பாலம் தாண்டி என் கடைக்கு வருவார். ஜுருவில் முடிவெட்ட ஆளில்லாமலா? சொடக்குக்காகத்தான் வருகிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை வந்தவர், காலர் பொத்தானைக் கழற்ற முடியாமல் அதோடு மல்லுக்கு நின்றார்.

"ரெண்டு மாசமா விரலு சொல்பேச்சு கேக்க மாட்டேங்குதுண்ணே. நடக்கும்போது செருப்பு கழண்டு போவுது, போனதே தெரியல."

"இனிப்பு நீரா இருக்கும் தம்பி. கிளினிக் போயி ரத்தம் செக் பண்ணுங்க" என்றேன். எங்கள் ஆட்களுக்குக் கை மரத்தாலும் இனிப்பு நீர், கால் மரத்தாலும் அதே சர்க்கரை வியாதிதான். அதற்கு மேல் யோசிக்க மாட்டோம்.

முடிவெட்டிவிட்டுக் கழுத்தைப் பிடித்தேன். வலப்பக்கம் சத்தம் வந்தது. இடப்பக்கம் திருப்பினேன், வரவில்லை. அவர் தோள் இரண்டும் துள்ளின.

"அண்ணே, கரண்டு அடிச்ச மாதிரி முதுகுல இறங்குச்சு. கால் வரைக்கும் போச்சு."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராதது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. "ரத்தம் ஓடுதுலா தம்பி, ஓடட்டும்" என்று சிரித்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்து இரண்டாவது தரம் திருப்பினேன். அப்போதும் சத்தம் வரவில்லை.

அவர் எழுந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். வாசல் படியில் இறங்கும்போது ஒவ்வொரு காலையும் குனிந்து பார்த்து வைத்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமை அவர் மனைவி போன் செய்தார். "நேத்து காலையில கட்டில்லேர்ந்து எறங்குனவரு அப்படியே உக்காந்துட்டாருண்ணே. காலு நிக்க மாட்டேங்குது. ஹாஸ்பிட்டல்ல சேத்திருக்கோம். கழுத்துக்குள்ள என்னமோ நசுங்கியிருக்காம். உங்களப் பாக்கணும்ங்கறாரு."

கழுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் கையில் இருந்த சவரக் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்காகத்தான் பயந்தேன். போலீஸ் வருமா, கடையை மூடுவார்களா, இந்த வயதில் வேறென்ன தொழில் தெரியும்? அவருடைய கால் அதற்கு அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் போனேன். கழுத்தில் கெட்டியான பட்டை மாட்டி, மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். நம் தமிழ்ப் பெண்தான் டாக்டர், சின்ன வயது. தம்பியின் கால் பெருவிரலின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடிக்குங்க. விரல மேல தூக்கறேனா, கீழ எறக்கறேனா?"

"மேல."

டாக்டர் கீழே இறக்கியிருந்தார்.

"இப்ப?"

"மேல."

இந்தத் தடவை அசைக்கவே இல்லை. நான் பார்த்தேன், அவர் மனைவியும் பார்த்தார். தம்பி மட்டும் சரியாகச் சொல்லிவிட்ட நிம்மதியில் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டியதும் கால் விருட்டென்று உதைத்தது.

"பலம் இருக்கே டாக்டர்!" என்று கத்தியே விட்டேன்.

"அது பலமில்ல அங்கிள்" என்றார் டாக்டர். "தட்டுனா ஒதைக்கறது தண்டுவடம் தானாவே செய்யற வேல. மூள அத அடக்கி வெச்சிருக்கும். அந்த அடக்கற சேதி இப்ப சரியா கீழ எறங்கல."

என்னைச் சொந்தக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, திரையில் படத்தைக் காட்டினார். அடுக்கடுக்காக முதுகெலும்பு. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதுதான் தண்டுவடம். சுண்டுவிரல் தடிமன்தான், நன்றாகப் பழுத்த வாழைப்பழம்போல மெத்தென்று இருக்குமாம். எலும்பு போகிற தூரம் அதுவும் போகும் என்று நினைத்திருந்தேன். இல்லை, இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரை வால்போலத் தொங்குகின்றன.

"கை கால அசைன்னு சொல்ற சேதி இதுலதான் கீழ எறங்கும். சூடு, வலி, காலு எங்க இருக்குங்கறது எல்லாம் இதுலதான் மேல ஏறும். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பாத. கால் எங்க இருக்குங்கற சேதி பின்பக்கமா ஏறும். அது கெட்டா, கண்ணால பாத்துத்தான் கால எடுத்து வைக்கணும்."

படியில் குனிந்து பார்த்து இறங்கியவர் என் கண்முன் வந்தார்.

பட்டையின் இரு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர். கழுத்தில் ஓர் இடத்தில் அந்த வெள்ளையே இல்லை. எலும்பு உள்பக்கமாக வளர்ந்து பட்டையைக் கிள்ளியிருந்தது. பல வருடமாக வளர்ந்தது என்றார் டாக்டர். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. உடனே டாக்டர் தம்பி பக்கம் திரும்பிக் கேட்டார், "சமீபத்துல கழுத்துல யாராச்சும் கை வெச்சாங்களா? மசாஜ், சொடக்கு?"

"இல்ல டாக்டர். முடிதான் வெட்டிக்கிட்டேன்" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டே.

என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. பயப்படாதே, நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்துவிடும்.

"நாந்தான் டாக்டர்" என்றேன். "சனிக்கெழம. எடப்பக்கம் ரெண்டு தரம். மொத தரமே கரண்டு அடிச்ச மாதிரி இருக்குன்னாரு."

"அதுக்கப்புறமுமா?"

"ஆமா."

அவர் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். டாக்டர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். "உங்களாலதான்னு என்னால சொல்ல முடியாது அங்கிள். இல்லன்னும் சொல்ல முடியாது. மூச்சு இழுக்கற தசைக்குப் போற நரம்பும் கழுத்துலேர்ந்துதான் கெளம்புது. இன்னும் கொஞ்சம் மேல பட்டிருந்தா மூச்சே போயிருக்கும்."

மறுநாள் காலை அறுவை சிகிச்சை. இதற்கு மேல் கெடாமல் தடுக்கத்தான் அது, போனது திரும்புமா என்பதைப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் நான் கடையில் இருந்தேன். வெட்டி முடித்ததும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை பேர் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு என் கையில் தலையைக் கொடுத்திருக்கிறார்கள்! உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "இனிமே அது இல்லண்ணே" என்று துணியை உருவினேன். அவர் கோபித்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துத் தம்பியின் மனைவியிடமிருந்து மறுபடி போன். "தாடி மண்டிக் கெடக்கு. வேற யாரையும் தொட விட மாட்டேங்கறாரு. வந்துட்டுப் போங்கண்ணே." அந்தம்மா என் முகத்திலேயே விழிக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கன்னத்தில் மட்டும் கத்தி வைத்தேன். கழுத்துப் பட்டைக்குப் பக்கத்தில் போகவே கை மறுத்தது. "அறுத்துடாதீங்கண்ணே" என்று கிண்டல் செய்தார். வலக்கையால் கரண்டி பிடிக்கிறாராம். துடைத்துவிட்டதும் போர்வையைத் தள்ளச் சொன்னார்.

"டாக்டர் மாதிரி விரலப் புடிச்சுக் கேளுங்கண்ணே. இப்ப நல்லாச் சொல்றேன், பாருங்களேன்."

கண்ணை மூடிக்கொண்டார். வலக்கால் பெருவிரலின் இரு பக்கமும் பிடித்தேன். மேலே, கீழே, மேலே. மூன்றும் சரி. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

இடக்கால் விரலைப் பிடித்து மேலே தூக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழே இறக்கினேன். மறுபடி மேலே தூக்கினேன். புருவத்தை உயர்த்தி, சிரித்த முகமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ம், ஆரம்பிங்கண்ணே."

"கண்ணத் தெறந்துக்குங்க தம்பி" என்றேன்.