ஏழாமிடத்துச் செவ்வாய்

என் ஜாதகத்தில் ஏழாமிடத்தில் செவ்வாய் இருக்கிறது. கட்டிக்கொள்பவனுக்கு ஆகாது என்றார்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். படிப்பு, வேலை எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை.

போன வருடக் கோடையில் ஜோசியர் ஒரு பரிகாரம் சொன்னார். என்னை ஒரு வாழைமரத்துக்குக் கல்யாணம் கட்டிவைத்து, பிறகு மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டால் தோஷம் அதோடு போய்விடுமாம். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

"ஊரு உலகத்துல செய்யாததாடி?"

"காலையில மரத்துக்கிட்ட தாலி கட்டிக்கிட்டு, மத்தியானம் அறுத்துட்டு நிக்கணுமா? என்னால ஆகாது."

அம்மா அழுதாள். அன்று ராத்திரி நான் மானகிரியிலுள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். என் வாழ்க்கையைக் கெடுப்பதாகச் சொல்லும் அந்தக் கிரகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போனில் வானத்தைக் காட்டும் செயலி ஒன்றை இறக்கினேன்.

தலைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைத்தான் முதலில் செவ்வாய் என்று நினைத்தேன். அது சுவாதி நட்சத்திரம். அதற்குத் தெற்கே வெள்ளையாகச் சித்திரை. செவ்வாய் மேற்கே இருந்தது. நாளாக நாளாக அது மகம் நட்சத்திரத்தை நெருங்கியது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். ஆனால் மகம் வெள்ளையாக மினுங்கியது. செவ்வாய் லேசாகச் சிவந்து, மினுங்காமல் நின்றது. அந்த வித்தியாசம் பிடிபட்டபின் செயலி தேவைப்படவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனூண்டு புள்ளியைக் காட்டியா என்னை மிரட்டினார்கள்?

ஆனி பிறந்ததும் ஒருநாள் இருட்டிய பிறகு ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. காபி குடித்து முடித்த பையனின் அம்மா, "பிள்ளைக்குச் செவ்வாய் இருக்காமே, பரிகாரம் செஞ்சிட்டீகளா?" என்றார்.

"செய்யல அத்தை, செய்யவும் மாட்டேன்" என்றேன் நான். "செவ்வாயப் பாத்திருக்கீகளா? மேல வாங்க, காட்டுறேன்."

பையனும் அவன் அப்பாவும் எழுந்து வந்தார்கள். வேறு வழியில்லாமல் அந்த அம்மாவும் வந்தார். பையனின் அப்பா சுவாதியைக் காட்டி, "அதுதான?" என்றார்.

"இல்ல மாமா, இங்குட்டு மேற்கால பாருங்க. ரெண்டு பக்கத்துல பக்கத்துல இருக்குல்ல? மினுங்காம செவப்பா நிக்கிறது."

"இதுவா!" என்று பையன் சிரித்துவிட்டான்.

அவன் அம்மா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு வாய் ஆகாது" என்று படியிறங்கினார். சிரித்தவன் வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே இறங்கினான். படியோரம் நின்ற என் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தரகர் வந்தார். "அவுக வேணாம்னுட்டாக. வேற இடம் ஒண்ணு இருக்கு. அந்தப் பரிகாரத்த மட்டும் முடிச்சிட்டீகன்னா..."

நான் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எம்மகளுக்கு ஒரு குறையும் இல்ல. ஜாதகம் கேக்குறவுகள இனிமே இந்த வாசலுக்குக் கூட்டியாராதீக."

அவர் போனபின் அடுப்படியில் நெடுநேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அழுகுறியாம்மா?"

"எதுக்கு அழுகணும்? ஆத்தாவுக்குப் பயந்துகிட்டு இறங்கிப் போறவன் உனக்கு எதுக்குடி?" என்றாள்.