பதினோராம் இலக்கம்

புதுக் கைப்பேசி ஒன்று வளவுக்குள் வந்துவிட்டால் பாறூக் முதலில் சட்டைக் கையை மடித்துக்கொள்வார். மீன் கழுவப் போகிறவரைப்போல. பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கைப்பேசிக்குள் ஆழமாகப் போய், தயாரித்தவர்கள் அதற்கு இட்ட நீண்ட முகவரியை உதடசைத்து வாசிப்பார். அதற்கு ஓர் இலக்கம் கொடுத்து, இணையத்தைப் பங்கிடும் பெட்டியான றூட்டரில் பதிந்த பின்புதான் மேசை லாச்சியில் இருக்கும் பொத்தான் டப்பா வெளியே வரும். பச்சைப் பொத்தான் மூத்த வீட்டுக்கு, சிவப்பு நடு வீட்டுக்கு, நீலம் இளைய வீட்டுக்கு. பொத்தானைக் கைப்பேசியின் முதுகில் பசை வைத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி, ஊதி, உரியவரிடம் நீட்டுவார்.

“இந்தா. இனி இது நம்மட வளவு ஆள்.”

காத்தான்குடியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கச்சி முகம்மது தன் ஒரே வளவை மூன்றாகப் பிரித்து, மூன்று மகள்மாருக்கும் சுவரோடு சுவராக வீடு கட்டிக் கொடுத்தார். இடையில் இரண்டு மதில்கள். ஒவ்வொரு மதிலிலும் கதவில்லாத ஒரு கடப்பு. கறிக் கோப்பையும் ஊர்க்கதையும் தெருவுக்குப் போகாமல் அதன் வழியே வீடு மாறும். இணைய இணைப்பும் அப்படியே: மூத்த மகள் ஸஹீதாவின் வீட்டுக்கு ஒரு கம்பி வருகிறது, மூன்று வீடும் அதில் பிழைக்கின்றன. ஸஹீதாவின் கணவர் என்ற முறையில் அந்தக் கம்பிக்குப் பொறுப்பாளி பாறூக்.

டோஹாவில் ஒரு ஹோட்டலில் பத்தொன்பது வருடம் சாவி மேசையில் அறைத் திறப்புக் கொடுத்து நின்றவர். இப்போது பிரதான வீதியில் நூலும் பொத்தானும் விற்கிறார். ஹோட்டலில் முதலாம் மாடிக்கு நூறு, இரண்டாம் மாடிக்கு இருநூறு என்று அறை எண் இருந்தது அவர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. மூத்த வீட்டுச் சாமான்களுக்குப் பதினொன்றிலிருந்து இருபது வரை இலக்கம், நடு வீட்டுக்கு இருபத்தொன்றிலிருந்து முப்பது, இளைய வீட்டுக்கு அதற்கு மேல். பதியாமல் வருகிறவை எல்லாம் விருந்தாளிகள். அவற்றை றூட்டர் தானாகவே இருநூறுக்கு அப்பால் கொண்டுபோய் இருத்தும்.

ஃபயர்வோல் என்றால் என்ன என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு அவரிடம் சுருக்கமான பதிலை எதிர்பார்ப்பதில்லை. “அது மதில்தான். நாம எங்க கடப்பு வெட்டுறமோ அங்கால மட்டும்தான் போக்குவரத்து” என்று தொடங்கி, எழுந்து, கேட்டவரை உண்மையான மதிலடிக்கே கூட்டிப்போய்க் காட்டுவார். இளைய வீட்டுத் தொலைக்காட்சி யாரும் பார்க்காத நேரத்திலும் வெளிநாட்டு முகவரி ஒன்றோடு தொடர்பிலிருப்பதை ஒருநாள் கண்டுபிடித்தார். “இந்த டீவி நமக்குத் தெரியாம ஆரோட கதைக்கிது? இதுக்கு அங்க என்ன சொந்தக்காரனா?” என்று அன்றே அந்த வழியை அடைத்தார். தொலைக்காட்சி அதன் பின்னும் நன்றாகத்தான் ஓடியது. அதை ஒரு வெற்றியாக இன்றும் சொல்வார்.

இத்தனையையும் வளவு பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் முணுமுணுத்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பாங்கு சொல்லும் நேரத்தில் மூன்று வீட்டுக்கும் இணையம் நின்றுவிடும். ஐந்து வக்துத் தொழுகைக்கும் இருபத்தைந்து நிமிடம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாறூக் தொழுகை நேரத்தைப் பார்த்து றூட்டரில் அந்த விதியைத் திருத்தி வைப்பார். பள்ளியில் “அல்லாஹு அக்பர்” என்ற முதல் ஓசை எழும்பும்போதே இளைய வீட்டில் இளைய மகளின் கணவர் றிஸ்லானின் கிரிக்கெட் ஆட்டம் உறைந்து நிற்கும்.

“காக்கா! கடைசி ஓவர் காக்கா!” என்று, மூத்த சகலனை அண்ணன் முறை சொல்லி, மதிலுக்கு மேலால் குரல் வரும்.

“பந்து எங்கயும் போகாது, தம்பி. தொழுதிட்டு வா, அங்கினதான் நிக்கும்.”

“உங்கட போன் மட்டும் எப்பிடி மினுங்குது? அதுக்குத் தொழுக கடமை இல்லியா?”

உண்மைதான். விதியிலிருந்து விலக்குப் பெற்ற சாமான் வளவில் ஒன்றே ஒன்று இருந்தது. பதினோராம் இலக்கம், பாறூக்கின் சொந்தக் கைப்பேசி. “திறப்பு வெச்சிரிக்கிறவன் வெளிய நிண்டா கதவ ஆரு தெறக்கிற?” என்பது அவருடைய பதில். ஸஹீதா உள்ளேயிருந்து, “ஓம், ஓம். திறப்புக்காரர் நேத்து அஸருக்குப் பாங்கு சொல்லக்குள்ள கருவாட்டுக் கொழம்பு வீடியோ பாத்துட்டு இரிந்தாரு” என்று சாட்சி சொல்வார்.

சென்ற வருடம் மே மாதம் நடு வீட்டுக்கு ஒரு மடிக்கணினி வந்தது. நடு மகள் ஹிதாயாவின் மகள் நஸ்ஹாவுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்று அனுப்பியது. கணக்குப் பதிகிற வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் முதலில் ஒரு மணி நேரத் தேர்வு. கெமரா முன் உட்கார்ந்து எழுத வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் இணைப்பு அறுந்தால் தேர்வு செல்லாது. கட்டாரிலிருக்கும் வாப்பா ஸாஜித் தொலைபேசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்: வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் தள்ளிவைப்பது, கிடைக்காவிட்டால் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் சொல்வது. மாப்பிள்ளையைப் பற்றி நஸ்ஹாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவசரத்தைப் பற்றித்தான்.

தேர்வு பதின்மூன்றாம் திகதி, பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை. நண்பகல் லுஹர் பாங்கு நடுவில் விழுந்தது. முந்தின நாள் மாலை நஸ்ஹா கடப்பால் வந்து பெரியாப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பாறூக் சட்டைக் கையை மடித்தார். கணினிக்கு இருபத்தொன்பதாம் இலக்கம், மூடியில் சிவப்புப் பொத்தான், விதியில் ஒரு விலக்கு.

“இருவத்தொம்பதுக்குத் தனிக் கடப்பு வெட்டியிரிக்கன், மகள். நாளைக்கு ஊரே நிண்டாலும் நீ நிக்க மாட்டாய்.”

“உறுதிதானே பெரியாப்பா?”

“உன்ட பெரியாப்பா பத்தொம்பது வருசம் ஒரு திறப்பையும் மாறிக் குடுத்ததில்ல.”

அவருக்குத் தெரியாத ஒன்று அந்தக் கணினிக்குள் இருந்தது. ஒவ்வொரு முறை இணையும்போதும் தன்னை வேறொரு முகவரியால் அறிமுகப்படுத்திக்கொள்ளும்படி கம்பனிக்காரர்கள் அதை அமைத்திருந்தார்கள். காலையில் நஸ்ஹா அதைத் திறந்தபோது றூட்டர் அதை அடையாளம் காணவில்லை. முன்பின் தெரியாத விருந்தாளியாக நினைத்து இருநூற்று மூன்றாம் இலக்கத்தில் இருத்திவிட்டது. இருபத்தொன்பதாம் கடப்பு யாருமில்லாமல் திறந்து கிடந்தது. பாறூக் கடையைச் சாத்தி, கைப்பேசியை அணைத்து, குடையை விரித்துக்கொண்டு நிம்மதியாகப் பள்ளிக்குப் போனார்.

பாங்கு ஒலித்தது. நஸ்ஹாவின் திரை உறைந்தது.

“உம்மா!” என்ற சத்தத்தில் ஹிதாயா அகப்பையோடு ஓடிவந்தார். மூத்த வீட்டில் ஸஹீதாவுக்கு றூட்டரின் கடவுச்சொல் தெரியாது. கணவருக்கு அழைத்தால் அணைத்து வைத்திருக்கிறார் என்ற பதில். கைப்பேசி டேட்டா இருந்தது. ஆனால் சுவரோடு சுவராகக் கட்டிய வீடுகளுக்குள் டேட்டா சிக்னல் ஒரு புள்ளிகூட எட்டாது. எட்டுகிற இடம் வளவில் ஒன்றுதான், தலைக்கு மேல் வெறும் வானம் தெரியும் மதில் கடப்பு. நஸ்ஹா கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஹிதாயா முக்காலியோடு பின்னால் ஓடினார். கைப்பேசியை மதில் விளிம்பில் வைத்து, கணினியை மடியில் வைத்து, மறுபடி இணைத்தபோது நான்கு நிமிடம் கழிந்திருந்தது. தேர்வு உயிரோடிருந்தது.

உச்சி வெயில் நேரே திரையில் விழுந்தது. எழுத்து தெரியவில்லை. கையால் மறைத்தால் தட்டச்ச முடியாது. தட்டச்சினால் மறைக்க முடியாது. ஹிதாயா அகப்பையை நீட்டிப் பார்த்தார். அதன் நிழலில் இரண்டு இலக்கம் தெரிந்தது.

தொழுது முடித்து, பசியோடு, நடு வீட்டு வாசலால் குறுக்கே வந்த பாறூக் தன் வீட்டுக்குப் போகும் கடப்பில் ஒரு பெண்பிள்ளை மடியில் கணினியோடு குந்தியிருப்பதைக் கண்டார். சிவப்புப் பொத்தானைப் பார்த்தார், மதில் மேல் கைப்பேசியைப் பார்த்தார், எல்லாம் விளங்கிற்று; இப்போது இணைப்பை மாற்றினால் மறுபடி அறும் என்பதும். குடையை விரித்து, அவள் பின்னால் போய் நின்று, நிழல் சரியாகத் திரையில் விழும்படி பிடித்தார். வலது கை வலித்தபோது இடது கைக்கு மாற்றினார். மற்றப் பக்கமிருந்து கச்சி முகம்மது ஊன்றுகோலோடு வந்தார்.

“இந்தக் கடப்பு பூட்டியிரிக்கி, மாமா. றோட்டால வாங்க” என்றார் பாறூக் அடங்கிய குரலில்.

“நான் கட்டின மதிலுல எனக்கே பூட்டா, மருமகன்?”

“இன்னும் கால் மணித்தியாலத்துக்கு.”

கிழவர் போகவில்லை. மதிலில் சாய்ந்து நின்று, நடந்ததை ஹிதாயாவிடம் கேட்டு அறிந்து, தாடியைத் தடவினார். “மருமகன், லுஹர் எத்தின மணி மட்டும் தொழலாம்?”

“அஸர் வரைக்கும், மாமா.”

“அல்லாஹ் மூண்டு மணித்தியாலம் தந்திரிக்கான். உன்ட பெட்டி என்னத்துக்கு இருவத்தஞ்சி நிமிசத்துல அவசரப்படுத்துது?”

பாறூக் குடையை மறுகைக்கு மாற்றினார்.

தேர்வு முடிந்தபோது நஸ்ஹா ஒன்று சொல்லிச் சிரித்தாள். நடுவில் மேற்பார்வையாளர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: பின்னால் நிற்பவர் யார்? “எங்கட வீட்டு ஃபயர்வோல் எண்டு எழுதித்தன், பெரியாப்பா.” ஹிதாயாவுக்குச் சிரிப்பில் அகப்பை கைநழுவி விழுந்தது. பாறூக்கும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அன்று மாலை அவர் றூட்டரைத் திறந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். விதியை அழித்துவிட்டார் என்றுதான் வளவு நினைத்தது. மறுநாள் பாங்கு நேரத்தில் றிஸ்லானின் ஆட்டம் நிற்கவில்லை. பாங்கு கேட்டதும் றிஸ்லானே தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்ததாக ஸஹீதா சொல்கிறார், நம்பலாம். ஆனால் விதி அழிக்கப்படவில்லை, திருத்தப்பட்டிருந்தது.

நஸ்ஹாவின் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் 2025 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை நண்பகலில் வந்தது. உறை கிழிக்காமலே அவள் அதைக் கடப்பால் மூத்த வீட்டுக்குக் கொண்டு ஓடிவந்தாள். பாறூக் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, நண்டுக் கறி வைக்கும் முறை பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி, உறையைக் கிழித்து, கண்ணாடியைத் துடைத்து, ஒரு வரி விடாமல் வாசித்து, “மாஷா அல்லாஹ்” என்று அவள் தலையில் கைவைத்தபோது பாங்கு எழுந்தது. இளைய வீட்டில் ஆட்டம் தொடர்ந்து ஓடியது. நடு வீட்டில் யாரோ யாருடனோ கட்டாருக்குக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் பதினோராம் இலக்கத்தின் திரையில் மட்டும், நண்டுச் சட்டிக்குள் கரண்டி பாதியில் உறைந்து நின்றது. பாறூக் கைப்பேசியைப் பச்சைப் பொத்தான் மேலே தெரியக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தார்.