நான்காம் லயம், ஏழாம் இலக்கம்

கம்சலாவுக்குக் கோபம் வந்தால் முதலில் சிரிப்பாள். அது தெரியாமல் வாயைக் கொடுத்தவர்கள்தான் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். நமுனுகுல மலைப்பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான நான்காம் லயத்தின் பன்னிரண்டு காம்பரா அறைகளில் ஏழாவது அவளுடையது. வயது இருபத்தொன்பது. கிழமைக்கு ஆறு நாள் கொழுந்தெடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், உம்மு குல்தூமின் கொமியூனிகேஷன் கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

உம்மு குல்தூமும் அவளும் ஒத்த வயதுக்காரிகள். ஞாயிறுகளில் தட்டச்சு செய்ய ஆள் இல்லையென்று கூப்பிட்டுக்கொண்டது உம்மு குல்தூம்தான். பாடசாலை ஒப்படை, வேலை விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று வந்ததையெல்லாம் அடித்து அடித்தே கம்சலா கணினி பழகினாள். எக்செல்லில் ஒரு கணக்கு மக்கர் பண்ணினால் மத்தியானச் சோற்றையும் மறந்துவிடுவாள்.

"தின்னுட்டு வந்து அதோட சண்ட பிடிங்களேன், அது எங்கயும் ஓடாது" என்று உம்மு குல்தூம் சத்தம் போடுவாள்.

பதுளையில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. கிழமைக்கு மூன்று நாளாக ஆறு மாதம் கணினிப் பயிற்சி, முடித்தால் அரசாங்கச் சான்றிதழ். அது கையில் இருந்தால் நகரத்தில் எந்த அலுவலகத்திலும் வேலை கேட்கலாம். இல்லாவிட்டால் என்னதான் தெரிந்திருந்தாலும் கொழுந்துக்காரிதான். மூன்று வருடத்துக்கு முன்பும் கம்சலா விண்ணப்பித்தாள், நேர்முகத் தேர்வுக்குக் கடிதமும் வந்தது. ஆனால் லயத்து ஆட்களின் தபாலெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அவர்களுக்கு மனசு வரும்போது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நேர்முகத் தேர்வு முடிந்து பதினோராம் நாள் அவள் கைக்குக் கடிதம் கிடைத்தது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

இந்த வருடம் விண்ணப்பம் இணையத்தில், பதில் கைபேசியில் என்று அறிவித்தார்கள். கம்சலாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள். அடுத்த மாதம் அவளுக்கு முப்பது. இதை விட்டால் வாழ்நாள் முழுக்க மலைதான்.

திங்கட்கிழமை நாலு மணியோடு விண்ணப்பம் முடிகிறது. ஞாயிறன்று கடையில் உட்கார்ந்து பெயர், அடையாள அட்டை இலக்கம், தோட்டத்து முகவரி எல்லாம் நிரப்பி அனுப்பினாள். திரையில் சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: இந்த வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒருவர் விண்ணப்பித்துள்ளார்.

"எந்த வீட்டுலருந்து? எங்க வீட்டுல நானும் எங்க வீட்டுக்காரரும்தானே! அவருக்குப் போனே ஒழுங்காப் பாக்கத் தெரியாதே!"

விஷயம் இதுதான். ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று யாரோ நல்ல மனசோடு விதி போட்டிருக்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் எந்தக் காம்பராவுக்கும் இலக்கம் கிடையாது, தெருவும் கிடையாது. இருநூற்றுப் பத்துக் குடும்பத்துக்கும் முகவரி ஒன்றே, தோட்டத்தின் பெயர். கீழ் லயத்தில் எவனோ ஒரு பையன் முந்திக்கொண்டு விண்ணப்பித்திருக்கிறான். கணினியின் கணக்கில் தோட்டம் முழுவதும் ஒரே வீடு, கம்சலாவும் அந்தப் பையனும் ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள். அட கொடுமையே!

"எங்கட கட அட்ரஸப் போடுங்க. எல்லாரும் அதத்தானே செய்றாங்க" என்றாள் உம்மு குல்தூம்.

உண்மைதான். தோட்டத்துப் பிள்ளைகள் அவசரக் கடிதத்துக்கெல்லாம் பதுளைக் கடைகளின் முகவரியைத்தான் கொடுப்பார்கள். காகிதத்தை வைத்துப் பார்த்தால் அங்கே ஒவ்வொரு முதலாளிக்கும் முப்பது நாற்பது பிள்ளைகள்.

கம்சலா சிரித்தாள். உம்மு குல்தூம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏன் போடணும்? நான் என்ன உங்க கடையிலயா படுத்து எந்திரிக்கிறேன்? எங்க பாட்டன் காலத்துலருந்து அந்தக் காம்பராவுலதான் இருக்கோம். என் வீட்டுக்கு அட்ரஸ் இல்லங்கிறதுக்காக நான் அடுத்தவங்க வீட்டுக்காரியா ஆகணுமா?"

விரல்கள் விசைப்பலகையில் இறங்கின. இலக்கம் 4/7, நான்காம் லயம். பச்சை எழுத்து வந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு வரி: அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், முகவரி பொய்யென்றால் விண்ணப்பம் நீக்கப்படும்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"பொய்ய உண்மையாக்கப் போறேன்."

கோயில் திருவிழாவுக்கு வாங்கிய நீலநிற எனாமல் பெயின்ட் தகரத்தில் பாதி மிச்சமிருந்தது. அன்று பின்னேரமே வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக 4/7 என்று எழுதினாள். புருஷன் லிங்கம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், பயந்த சுபாவம்.

"அடியே, வேலையிலருந்து பேரு வெட்டிருவாங்கடி! லயம் கொம்பனியோடது!"

"சுவரு கொம்பனியோடது. உள்ள இருக்கிற மனுசங்க யாரோடது?"

அதற்குள் பக்கத்து வாசல்காரி தன் சுவருக்கும் ஒன்று எழுதச் சொன்னாள். விஷயம் தெரிந்ததும் அடுத்த லயத்திலிருந்தும் ஆள் வந்தது. பெயின்ட் தீருவதற்குள் மூன்று லயம் முடிந்துவிட்டது. மறுநாள் நாலு மணிக்குள் அந்த வாசல்களிலிருந்து ஒன்பது பேர் தங்கள் சொந்த இலக்கத்தைப் போட்டு விண்ணப்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையே வந்தார்.

"யார் கேட்டு நம்பர் போட்டது? இன்னைக்கு நம்பர், நாளைக்கு வீட்டுக்கு ஒறுதிப் பத்திரம் கேப்பீங்க. எல்லாத்தையும் அழிங்க!"

லிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கம்சலா சிரித்தாள்.

"ஒறுதி எப்ப குடுப்பீங்க சார்? நீங்களே ஞாபகப்படுத்திட்டீங்க, சந்தோசம். நான் எழுதினத நான் அழிக்க மாட்டேன். அழிக்கணும்னா நீங்க அழிச்சுக்கங்க."

அப்படியே செய்தார்கள். வெள்ளிக்கிழமை, பெண்களெல்லாம் மலையில் நிற்கும்போது, ஆபீஸ் ஆட்கள் வந்து மூன்று லயத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். பத்து வருடமாக வெள்ளையடிக்கச் சொல்லிக் கெஞ்சிய சுவர்கள் அவை.

திங்கட்கிழமை பத்து மணிபோல் மலையில் அவளுடைய கைபேசி அடித்தது.

"பயிற்சி நிலையத்துலருந்து றில்வான் பேசுறேன். உங்க தோட்ட ஆபீஸ்ல நிக்கிறேன். நாலுக்கு ஏழுன்னு இந்தத் தோட்டத்துல வீடே இல்லன்னு சொல்றாங்களே?"

"அங்கயே நில்லுங்க சார், வாறேன்!"

"எறங்கினா இன்னைக்கு அரப்பேருதான்!" என்று கங்காணி கத்தினார். "போட்டுக்கங்க!" என்று கத்திக்கொண்டே அவள் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள். அரைநாள் சம்பளம் போனால் போகட்டும். பின்னால் நாலைந்து பெண்கள் தாங்களாகவே கூடையை வைத்துவிட்டு வந்தார்கள்.

றில்வான் இளவயது அதிகாரி, கையில் டெப் கணினி ஒன்று வைத்திருந்தார். அவள் கூட்டிவந்து காட்டிய நான்காம் லயத்து வெள்ளைச் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்பர் இல்லையே, தங்கச்சி."

"இருந்திச்சு சார். மறைச்சிட்டாங்க."

"நீங்க சொல்றத நம்பலாம். ஆனா நான் படம் எடுத்து அனுப்பணும். இப்ப எழுதினாலும் அது புதுசா எழுதினதுன்னு தெரிஞ்சிரும்."

இவ்வளவு கிட்ட வந்தும் ஒரு வாளிச் சுண்ணாம்பில் எல்லாம் போகப் பார்க்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தாள், பீலியிலிருந்து வழிந்த தண்ணீரில் முக்கினாள், சுவரைத் தேய்க்கத் தொடங்கினாள். எனாமல் பெயின்டின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. நாலு தேய்ப்பில் அது பாலாக வழிந்தது, உள்ளேயிருந்து நீலநிறத்தில் 4/7 வெளியே வந்தது.

கூட வந்த பெண்களும் படங்கை அவிழ்த்தார்கள். 4/5 வந்தது, 4/8 வந்தது. துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்போது லயத்தில் பாதி இலக்கங்கள் ஈரத்தோடு நின்றன, றில்வான் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெளியாள் முன்னால் துரைக்குக் கத்த முடியவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஒன்பது நாள் கழித்துக் கைபேசிக்குப் பதில் வந்தது. கம்சலாவுக்கு இடம் கிடைத்திருந்தது, மற்ற ஒன்பது பேரில் நால்வருக்கும் கிடைத்திருந்தது. இப்போது அவளுக்கு மூன்று நாள் பதுளை, மூன்று நாள் மலை.

இரண்டாம் மாதம் வகுப்பில் ஒப்படை ஒன்று கொடுத்தார்கள்: உங்களுக்குத் தெரிந்த எதையாவது தரவுத் தொகுப்பாகச் செய்து வாருங்கள். கம்சலா பின்னேரங்களில் லயம் லயமாக ஏறி இறங்கினாள். வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர், ஆட்கள் எத்தனை, எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றினாள். உம்மு குல்தூமின் கடையில் மூன்று பிரதி எடுத்தாள். ஒன்று வகுப்புக்கு, ஒன்று கிராம சேவகருக்கு. மூன்றாவதைத் தோட்ட ஆபீசுக்குக் கொண்டுபோய்த் துரையின் மேசையில் வைத்தாள்.

"என்ன இது?"

"தோட்டத்து வீடு எல்லாம் சார். இருநூத்திப் பத்துக் குடும்பம். யாரும் விடுபடல."

அவர் தாள்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது.

"இருநூத்திப் பதினொன்னு யாரு?"

"உங்க பங்களா சார்" என்றாள் கம்சலா. "எத்தன வருசமா இருக்கீங்கன்னு தெரியல. அந்தக் கட்டம் மட்டும் காலியா இருக்கு, சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்."