எனக்கென்ன

ஆங்கிலப் பாடத்தை வைத்துக்கொண்டு மகள், "இன்டிபரன்ஸ்னா என்னங்கப்பா?" என்று கேட்டாள்.

"யாரு எப்படிப் போனாலும் எனக்கென்னன்னு இருக்கறது, கண்ணு."

சொன்னதும் என் அப்பாவின் குரல் காதில் விழுந்தது. கிணத்துக்கடவில் அவர் 'எனக்கென்ன' என்று சொல்லாத நாளில்லை. அதுவும் சித்தப்பாவைப் பற்றித்தான். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருந்தது. ஆனால் கிணறு பொதுக்கிணறு. ஒரு நாள் எங்கள் தென்னந்தோப்புக்குத் தண்ணீர், மறுநாள் அவர் தோப்புக்கு.

ஒரு கோடையில் சித்தப்பா வால்பாறைக்குப் போயிருந்தார். அவர் முறையன்று மத்தியானம் கரண்ட் வந்தது. சோற்றில் கைவைத்திருந்த அப்பா எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, இன்னைக்கு நம்ம முறை இல்லீங்களே," என்றாள் அம்மா.

"அவன் தோப்பு காஞ்சா எனக்கென்ன?" என்று சொல்லிக்கொண்டே தலையில் துண்டைக் கட்டி, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தி சாயும்போதுதான் முழங்கால்வரை சேறும் ஈரமண் வாசனையுமாகச் சித்தப்பா தோப்பிலிருந்து திரும்பினார்.

நான் பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் எங்கள் முறை. வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை. மோட்டார் சத்தம் கேட்டு ஓடினேன். எங்கள் தோப்பில் சித்தப்பா மடை மாற்றிக்கொண்டிருந்தார்.

"இது காஞ்சா எனக்கென்ன, கண்ணு," என்றார், நிமிராமலே.

மகள் பேனாவோடு காத்திருந்தாள். "ஒரு உதாரணம் சொல்லுங்கப்பா, எழுதோணும்."

யோசித்துப் பார்த்தேன்.

"நம்ம ஊட்டுல அப்படி யாருமில்ல கண்ணு. வேற எங்கயாவது தேடலாம்."