துவக்கின் வாய் பார்க்கும் திசை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் என் கணவர் வேட்டை நிகழ்ச்சி பார்க்க உட்காருவார். நான் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவேன். தொடக்கத்தில் தாடி வைத்த வேட்டைக்காரர் ஒருவர் மலைச்சரிவில் நின்று தன் துவக்கை, அந்த நீளத் துப்பாக்கியை, மெல்லத் திருப்புவார். குழலின் வாய் நேராக எங்கள் வரவேற்பறையைப் பார்க்கும். அந்தக் கறுத்த வட்டத்துக்குள்ளிருந்து நிகழ்ச்சியின் பெயர் எழுத்து எழுத்தாக வெளியே வரும். பார்ப்பவர்களுக்கு ஒரு விறுவிறுப்பு வரட்டும் என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். நான் அந்த வட்டத்துக்கு நேரே இருக்கமாட்டேன்.

"ரீவிக்குள்ளையிருந்து குண்டு வராதப்பா," என்பார் கணவர்.

"தெரியும். நீங்கள் பாருங்கோ."

தெரிந்துகொண்டுதான் ஓரத்தில் இருந்தேன். பெயர் போட்டு முடிந்ததும் மகள், "அம்மா, சேஃப்! இனி நடுவுக்கு வரலாம்," என்று சிரிப்பாள்.

நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க, பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். கணவர் நகரத்தின் மறுகோடியில், விரி என்ற இடத்தில் இருக்கும் வேலையிடத்துக்குப் புறப்பட்டால், மோட்டர்வேயில் அவர் காருக்குப் பின்னால் எந்த லொறி வருகிறதோ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இராணுவம் வந்து இருந்துவிட்டது, பிறகு திறக்கவில்லை. துவக்கைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அதன் வாய்ப்பக்கம் மட்டும்தான். பிடிப்பக்கம் எப்படியிருக்கும் என்று இந்த நிகழ்ச்சியில்தான் பார்த்தேன்.

ஒருநாள் கணவர், தானும் வேட்டைக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

அவருடைய வேலையிடம் ஒரு பெரிய களஞ்சியம். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முதல் சில வருடங்கள் மத்தியானச் சாப்பாட்டைக் காருக்குள் தனியாக இருந்து சாப்பிட்டவர் அவர். பிறகு கூட வேலை செய்யும், இந்த நாட்டின் பூர்வீகக் குடியான மாவோரிக்காரர் ஒருவர் காரின் கண்ணாடியைத் தட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதர் ஒருமுறை மான் இறைச்சியில் சொசேஜ் செய்து கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் இப்போது காட்டுக்குக் கூப்பிடுகிறார்.

"என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கூப்பிடுறான். வரமாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார் கணவர்.

"இறைச்சி வேணுமெண்டால் கடையிலை வாங்கலாம்."

"இறைச்சிக்கில்லையப்பா."

அவர் ரிமோட்டைத் தேடினார்.

இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். அதெல்லாம் முடிந்ததும் பொலிஸ் தரப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் கேட்பாராம், இவர் கையில் துவக்கைக் கொடுக்கலாமா என்று. இதைக் கேட்ட அன்றுதான் எனக்கு ஒழுங்காக நித்திரை வந்தது. வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் நின்றுவிடும்.

அப்படிச் சொல்லக் காரணம் தேடி அந்த நிகழ்ச்சியை நானும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

"நிப்பாட்டுங்கோ. கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ."

"ஏன்?"

"வேலிக்கு இஞ்சாலை நிண்டவர், இப்ப அங்காலை நிக்கிறார். துவக்கோடை எப்பிடித் தாண்டினவர்?"

"அதை வெட்டிப்போட்டாங்கள். வேலி தாண்டுறதை ஆர் பாப்பினம்?"

"நான் பாப்பன்."

கணவர் பொறுமையாக விளக்கினார். குண்டை வெளியே எடுக்க வேண்டுமாம். போல்ட் என்கிற பின்பக்க இரும்பைத் திறந்துவிட வேண்டுமாம். துவக்கை வேலிக்கு அடியால் வைத்துவிட்டு அல்லது கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டுமாம். லைசென்ஸுக்காக அவர் போன வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம்.

"அப்ப ஏன் அதைக் காட்டேல்லை?"

"காட்டினால் சனம் சனலை மாத்திப்போடும்."

என் பயம் அந்த இடத்தில்தான் போய் உட்கார்ந்தது. ஊரில், சண்டைக் காலத்தில், எனக்குத் தெரிந்த ஒரு சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கக் கை நீட்டினான். சுவரில் சாய்த்து வைத்திருந்த துவக்கு சரிந்து விழுந்து வெடித்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சைக்கிள் கூடை கிழிந்து தொங்கியது. சண்டையில்லை, கோபமில்லை, ஒன்றுமில்லை. தேத்தண்ணி. அவன் எங்களைவிட அதிகமாகப் பயந்துபோய் நின்றான். தொலைக்காட்சியில் வெட்டி எறிவது இப்படியான நிமிடங்களைத்தான்.

இன்னொரு நாள் பெரிய கலைமான் ஒன்றைச் சுட்டார்கள். வேட்டைக்காரர் அதன் பின்னால் முழந்தாளிட்டு, கொம்புகளைப் பிடித்து, துவக்கைக் கொம்பில் சாய்த்து வைத்துச் சிரித்தார். துவக்கின் வாய் படம் எடுப்பவரின் பக்கம் இருந்தது. நான் எழுந்து திரைக்குக் கிட்டப் போனேன்.

"போல்ட் திறந்துதான் கிடக்கும்," என்றார் கணவர்.

"எனக்குத் தெரியேல்லை. மானின்ரை தலை மறைக்குது. தெரியாட்டில் குண்டு இருக்கெண்டுதான் நினைக்கவேணும் எண்டு நீங்கள்தானே வகுப்புப் புத்தகத்தை வாசிச்சுக் காட்டினீங்கள்?"

"நீர் இப்ப அந்தாளுக்கே வகுப்பெடுக்கிறீரோ? அவர் பிறந்ததிலையிருந்து வேட்டைக்காரன்."

"நான் அவரைச் சொல்லேல்லை. உங்களைச் சொல்லுறன். நீங்கள் அவரைப் பாத்துத்தானே நிண்டு போட்டோ எடுக்கப்போறியள்."

நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது, எந்தத் துவக்கையும் குண்டு நிரம்பியதாகவே நினையுங்கள் என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. மகள் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் மறைந்துவிட்டது.

கணவர் வீட்டுக்குள் பழகத் தொடங்கினார். தரை துடைக்கும் மொப் தடியைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு, வாயை நிலத்துக்குக் காட்டி, அறைகளுக்கு நடுவிலுள்ள நடையில் மெல்ல மெல்லப் போவார். ஒருநாள் அப்படித் திரும்பும்போது மகள் குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். சட்டென்று உயர்ந்த தடியின் முனை அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டு போனது. நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்து தடி விழுந்துவிட்டது.

மகள் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். "டோன்ட் ஷூட், அப்பா! நான் மான் இல்லை!"

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் அழுததைப் பார்த்ததும் மகள் கைகளைக் கீழே போட்டாள். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ மொப்," என்றாள் மெதுவாக. எனக்கு அந்தத் தடி கண்ணில் படவேயில்லை. அவள் கைகளை உயர்த்திய விதம்தான் பட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவ்வளவு சரியாக உயர்த்தினாள்.

பொலிஸ் தரப்பிலிருந்து வந்தவர் ஒரு பெண். சீருடை இல்லை. வாசலில் தானாகவே சப்பாத்தைக் கழற்றினார். துவக்கை வைத்துப் பூட்டுவதற்காகக் கராஜில் சுவரோடு சேர்த்து இறுக்கி வைத்திருந்த இரும்பு அலுமாரியை ஆட்டிப் பார்த்தார். கணவரிடம் நெடுநேரம் கதைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனி உங்களோடு தனியாகப் பேச வேண்டும். அவர் கொஞ்சம் வெளியே இருக்கட்டும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கணவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுந்து பின்கதவால் போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஆம்பிளைகள் வெளியே, பெண்கள் உள்ளே. ஊரில் இராணுவம் வந்து சுற்றிவளைத்த காலத்தில் அப்படித்தான் பிரிப்பார்கள். வெளியே போனவர்களில் யார் திரும்பி வருவார்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. இது நாங்கள் குடியிருக்கும் மவுண்ட் ரோஸ்கில், இது என் வீடு, முன்னால் இருப்பவர் என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கும் பெண். எல்லாம் தெரிந்தும் நான் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவர் குடிப்பாரா, கத்துவாரா, கை நீட்டுவாரா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். "வீட்டில் ஒரு துவக்கு இருப்பது உங்களுக்குப் பயமாக இருக்குமா? நீங்கள் சொல்வதை அவரிடம் சொல்லமாட்டோம்," என்றார்.

நான் காத்திருந்த கேள்வி. வேண்டாம் என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. சமையலறை யன்னலால் வெளியே பார்த்தேன். கணவர் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் தூறலில் நின்றார். அந்தக் குளிரிலும் கைகள் பொக்கட்டுக்குள் இல்லை. உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கைகள் தெரியும்படி வைத்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"அவரை உள்ளே கூப்பிடுங்கள்," என்றேன்.

"தனியாகக் கேட்பது உங்கள் பாதுகாப்புக்காக."

"தெரியும். நான் சொல்வதை அவர் கேட்கவேண்டும்."

கணவர் வந்தார். அந்தப் பெண் கதிரையைக் காட்டும் வரை உட்காரவில்லை. எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்குப் பயம், ஆனால் இவரைப் பார்த்து இல்லை. இவர் பார்க்கும் நிகழ்ச்சியில் வேலி தாண்டுவதைக் காட்டுவதில்லை. குண்டை வெளியே எடுப்பதைக் காட்டுவதில்லை. இவர் நல்ல கவனம். ஆனால் கூட்டாளிமார் சிரித்தால், படம் எடுத்தால், அவர்களைப்போல இருக்கப் பார்ப்பார். வேறு யாரோ தூரத்திலிருந்து இவரையே மான் என்று நினைத்துவிடுவார்களோ என்றும் பயம்.

அந்தப் பெண் கணவரைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

கணவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "எனக்கும் துவக்கெண்டால் பயம்தான். உமக்கு நான் சொல்லேல்லை. ஒருக்கா கையிலை பிடிச்சால் அது போயிடுமோ எண்டு பாத்தன்."

"என்ன சொன்னார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

துவக்குக் கேட்பவரே பயம் என்றால் யார் கொடுப்பார்கள்? நான் வேண்டாம் என்று சொல்லத் தேவையேயில்லை, இது ஒன்றே போதும். கணவர் என் முகத்தைப் பார்த்து, "சொல்லும்," என்றார். நான் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு அந்தப் பெண் அவரிடம், வேலி ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கணவர் எழுந்து நின்று, வெறுங்கையால் குண்டை எடுத்து, போல்ட்டைத் திறந்து, இல்லாத துவக்கை இல்லாத வேலிக்கு அடியால் வைத்தார். வாய் எங்கள் இருவருக்கும் எதிர்ப்பக்கம் இருந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். எல்லாவற்றையும் எழுதுவேன், முடிவு என்னுடையது மட்டுமில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சப்பாத்தைப் போட்டார்.

லைசென்ஸ் வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் அந்த மாவோரிக் கூட்டாளியின் வண்டி வாசலில் நின்றது. தூரத்திலிருந்தே ஆள் என்று தெரியட்டும் என்று கணவர் வீட்டுக்குள்ளேயே செம்மஞ்சள் மேலங்கியைப் போட்டுவிட்டார். "சிஸ்டர், முழுசாகக் கொண்டுவந்து தருவேன்," என்று கூட்டாளி சிரித்தார். அன்றும் மறுநாளும் போன் எடுபடவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், மடித்த படுக்கை விரிப்புகளையே அவிழ்த்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் துவக்கை அலுமாரியில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தார்.

"மான் வரேல்லையோ?"

"வந்தது. பத்தைக்குள்ளை மண்ணிறமா ஒண்டு அசைஞ்சது. தலையைக் காணேல்லை. அவன் நிண்ட பக்கத்திலை கொம்பு தெரிஞ்சதாம், சுடு சுடு எண்டான். நான் சுடேல்லை."

"பிறகு?"

"ஓடிட்டுது. மான்தான். நான் சுடுறதுக்குள்ளை மானுக்குப் பென்சன் வந்திடுமாம் எண்டு வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கொண்டு வந்தான்."

"உங்களுக்குப் பயமா இருந்ததோ?"

"ஓம்," என்றார். "குண்டை வெளியிலை எடுத்துப்போட்டுத்தான் திரும்பினன்."

சோறு போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதமும் போவோம் என்று கூட்டாளி சொன்னதாகத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். என் பயம் போகவில்லை. கறிச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.