மச்சானும் என் லினக்ஸும்

என் மனைவியின் தம்பி துபாயில் இருக்கிறான், நான் கடலூரில். இருவரும் ஒரே டீமில் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவோம். பழைய கம்ப்யூட்டர் திணறியதால், அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டேன். கார் பந்தய கேமெல்லாம் அருமையாக ஓடின. மச்சானோடு ஆடும் கேம் மட்டும் உள்ளே நுழைந்ததுமே என்னை வெளியே தள்ளியது. திரையில் வந்த ஆங்கிலச் செய்தியை நான் முழுதாகப் படிக்கவில்லை. சிதம்பரத்தில் அவன் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு நான் போகவில்லை. அந்தக் கோபத்தில் டீமிலிருந்து நீக்கிவிட்டான் என்று நினைத்து, அவன் போனையும் எடுக்காமல் இருந்தேன்.

கடைசியில் மனைவியின் போனில் பிடித்தான்.

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. ஏமாத்தி ஆடுறவங்கள புடிக்கிற சாஃப்ட்வேர் அதுல இருக்கு, அது லினக்ஸ உள்ள வுடாது. உங்கள டீம்லேர்ந்து தூக்குறவனா இருந்தா எதுக்கு இத்தன வாட்டி போன் பண்ணப் போறேன்?"

இப்போது எந்த கேமையும் இறக்கும் முன் லினக்ஸில் ஓடுமா என்று பார்க்கிறேன். மச்சான் போன் வந்தால், ஜெயிக்கிற ஆட்டமாக இருந்தாலும் பாதியில் விட்டுவிட்டு எடுக்கிறேன்.